பார்ட் வரல

ஃப்ரீசருக்குள் தலையை விட்டுக்கொண்டு, பின்தகட்டின் கடைசி ஸ்க்ரூவை அவன் திருகிக்கொண்டிருந்தபோது உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"சின்னவனே, என்னடா பண்ற?"

"ஸ்க்ரூ கழட்டுறேன்மா."

"மெதுவா கழட்டு. அவசரம் ஒண்ணும் இல்ல."

அவசரமெல்லாம் அவனுக்குத்தான். வெயில் காலம். ஊரில் உள்ள ஃப்ரிட்ஜெல்லாம் பேசி வைத்துக்கொண்டதுபோல ஒரே நேரத்தில் படுத்துக்கொண்டன. காலையிலிருந்து சட்டைப்பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஆனால் நேற்று வந்த டாக்டர் அவனை வாசல்வரை கூட்டிக்கொண்டு போய், "பக்கத்துலயே இருங்க. இனிமே எப்ப வேணாலும்" என்று பாதியில் நிறுத்திவிட்டுப் போயிருந்தார்.

பக்கத்தில் இருப்பதுதான் அவனுக்குத் தெரியாத வேலை. கட்டிலோரம் உட்கார்ந்தால் கால் தானாக ஆடத் தொடங்கும். அம்மாவின் மூச்சு ஏறி இறங்குவதை அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தண்ணீர் குடிக்கப் போகிறேன், போன் பேசப் போகிறேன் என்று எதையாவது சொல்லி எழுந்துவிடுவான். இன்று காலை செருப்பையே மாட்டிவிட்டான். "ரெண்டே ரெண்டு வீடு. மத்தியானத்துக்குள்ள வந்துடுறேன்" என்று அவன் சொன்னபோதுதான் அக்கா, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"ஃப்ரிட்ஜ் கீழ குளிரவே மாட்டேங்குதுடா."

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு மூணு நாளாவே."

"நேத்து முழுக்க இங்கதானே இருந்தேன். ஏன் சொல்லல?"

"மறந்துட்டேன்."

அவனுக்குக் கோபம் வந்தது. கூடவே, சொல்லக் கூச்சமாக இருந்தாலும், உயிரும் வந்தது. கட்டிலோரம் உட்காராமல் இருக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. செருப்பைக் கழற்றிவிட்டுப் பையைத் திறந்தான்.

இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜில் குளிர் பிறப்பது மேலே ஃப்ரீசரில்தான். அங்கே இருக்கும் சின்ன ஃபேன் அதைத் தள்ளிவிட, முதுகுப்பக்கமாக இறங்கிக் கீழறைக்குள் வரும். மேலே ஐஸ் கல்லாக இருந்தது. கீழே தக்காளி வெதுவெதுவென்று இருந்தது. குளிர் நடுவில் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்பது அவனுக்குத் தூக்கத்திலும் தெரியும். எங்கே என்பதுதான் கேள்வி.

தகட்டை எடுத்தான். பனி ஏறிக் காற்றை அடைத்திருக்கும் என்று நினைத்தால், குழாய்களெல்லாம் குளித்துத் துடைத்த பிள்ளைகள்போலச் சுத்தமாக இருந்தன. கதவு திறந்திருந்தால் ஃபேன் நின்றுவிடும். கதவோரத்துப் பட்டனை விரலால் அமுக்கினால், மூடிவிட்டார்கள் என்று ஏமாந்து மறுபடி சுற்றும். அமுக்கினான். சுற்றியது.

"அது என்ன சத்தம்?" என்றாள் அம்மா.

"ஃபேன்மா."

"நல்லா இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்ப வேற ஏதாவது இருக்கும். நல்லாப் பாரு."

ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் விடவில்லை. அவன் கதவின் ரப்பரில் காகிதத்தை வைத்து இழுத்துப் பார்த்தான், இறுக்கமாகப் பிடித்தது. ஃப்ரிட்ஜை முன்னால் இழுத்துப் பின்பக்கத் தூசியைத் துடைத்தான். சுவருக்கும் அதற்கும் இடைவெளி சரியாகவே இருந்தது. ஒவ்வொன்றும் நன்றாக இருக்க இருக்க அவனுக்கு எரிச்சல் கூடியது. விரலை வேறு தகடு கிழித்துவிட்டது.

இந்த வீடே இப்படித்தான். அவன் எப்போது வந்தாலும் ஏதாவது ஒன்று மக்கர் செய்யும். போன தடவை அயர்ன் பாக்ஸ். அதற்கு முன்னால் ஹால் லைட். அது வெறுமனே லூசாகத்தான் இருந்தது. "நான் இல்லன்னா இந்த வீடு இடிஞ்சி விழுந்துடும்" என்று அவன் அலட்டிக்கொள்வான். "ஆமாப்பா, விழுந்துடும்" என்பாள் அம்மா. அவன் தரையில் பையை விரித்து உட்கார்ந்ததும், நாற்காலியைத் தரதரவென்று இழுத்துவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டு, எதிர்வீட்டுச் சண்டையிலிருந்து தன் முட்டிவலி வரைக்கும் பேசிக்கொண்டிருப்பாள். வேலை எதுவும் இல்லாத நாளில் அவன் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு வந்தவன்தான். நின்றபடியே டீயைக் குடித்துவிட்டு ஓடிவிடுவான்.

அக்கா எழுந்து எதிர்வீட்டுக்குப் போய், மருந்து பாட்டிலை ஈரத்துணியில் சுற்றி எடுத்துவந்தாள். நம் ஃப்ரிட்ஜ் கெட்டுப்போனதால் அங்கே வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இத்தனை மாதமும் தூக்கி உட்காரவைத்து, துடைத்து, ஊட்டிவிட்டது அவள்தான். அவளிடம் கோபித்துக்கொள்ள அவனுக்கு வாய் வரவில்லை.

போன் மறுபடி அதிர்ந்தது. இந்த முறை எடுத்துவிட்டான். பழைய கஸ்டமர், ஒரு டீச்சரம்மா.

"நான் சொல்றத கேளுங்க டீச்சர். மேல ஐஸ் ஆகுதா? அப்ப மோட்டார் நல்லா இருக்கு. கீழ்க் கதவத் திறங்க. மேல் தட்டுல, பின்பக்கம் சின்னச் சின்ன ஓட்டை தெரியுதா? அதுக்கு முன்னாடி என்ன வச்சிருக்கீங்க?... அவ்வளவு பெரிய பாத்திரத்த ஒட்டி வச்சா காத்து எப்படி வரும்? நகத்துங்க, சரியாயிடும். பெரும்பாலும் இதுதான் டீச்சர். இத பாக்காம எல்லாரும் மோட்டார் போச்சுன்னு பயந்துடுறாங்க."

போனை வைத்துவிட்டு அவன் அப்படியே நின்றான். ஊருக்கெல்லாம் முதல் பாடமாகச் சொல்வதை அவன் இங்கே பார்க்கவே இல்லை.

கீழ்க் கதவைத் திறந்தான். மேல் தட்டில் மருந்து பாட்டில்கள் முன்னும் பின்னுமாக நெருக்கி அடுக்கியிருந்தன. காலையிலேயே அக்கா "அத மட்டும் தொடாத, வரிசை மாறிடும்" என்று சொல்லியிருந்தாள். ஒன்றை எடுத்தான். கையில் கனமே இல்லை. இன்னொன்றை எடுத்தான். எல்லாமே காலி பாட்டில்கள்.

அவற்றை ஒதுக்கிவிட்டுக் கையை உள்ளே விட்டுத் தடவினான். காற்று வரும் துவாரங்களில் ஒரு துணி அடைத்திருந்தது. விரலால் நெம்பி இழுத்தான். நீல நிற லைனிங் துணி, நீளமாக மடித்து, பிதுங்காமல் இருக்க ஓரத்தில் தையலும் போட்டிருந்தது. அந்தத் தையல் யாருடையது என்று அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒரு யோசனை யாருக்கு வரும் என்பதையும் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் கோபம்தான் வந்தது. ஒரு காலைப்பொழுது போச்சு, விரல் போச்சு, எத்தனை பேர் காத்திருக்கிறார்கள். பிறகு அந்த லூசாக இருந்த லைட் ஞாபகம் வந்தது. அயர்ன் பாக்ஸில் தானாகக் கழன்றிருந்த ஒயர் ஞாபகம் வந்தது. அதற்கும் முன்னால், அதற்கும் முன்னால் என்று ஒவ்வொன்றாக வந்தது. தையல் மெஷின் சத்தம் நின்றுபோயிருந்ததை அப்போதுதான் கவனித்தான்.

துணியை மறுபடி துவாரத்தில் வைத்து, முன்பைவிட ஆழமாக அழுத்தினான். காலி பாட்டில்களை அதே வரிசையில் அடுக்கினான். கதவை மூடிவிட்டு உள்ளறைக்குப் போனான். போகும்போதே போனை அணைத்தான்.

"என்னடா ஆச்சு?" என்றாள் அம்மா.

"பெரிய வேலைம்மா. பார்ட் வரணும்."

"எத்தன நாளாகும்?"

"சொல்ல முடியாது. ரெண்டு நாளும் ஆகும், பத்து நாளும் ஆகும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் இங்கதான் இருக்கணும். பாதியில போட்டுட்டு போக முடியாதுல்ல."

அம்மா அவனைப் பார்த்தாள். கன்னம் ஒட்டிப்போன முகத்தில் கண் மட்டும் பழைய கண்.

"உனக்கே கஷ்டமான வேலையா?"

"எனக்கே."

"சரி. உக்காரு."

உட்கார்ந்தான். கால் ஆடியது. அம்மா அவன் கையை எடுத்து, கிழிந்த விரலை விட்டுவிட்டுக் கட்டைவிரலை மட்டும் பிடித்துக்கொண்டாள். ஏதாவது பேச வேண்டுமே என்று, கண்ணாடியைக் காணோமென்று வீட்டையே புரட்டிப்போட்ட கஸ்டமர் ஒருவர், கடைசியில் அதை ஃப்ரிட்ஜுக்குள் வெண்ணெய் டப்பாவுக்குப் பக்கத்தில் கண்டெடுத்த கதையைச் சொன்னான். அம்மாவுக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாறியது. அக்கா ஓடிவந்தாள். "விடு, அவன் சொல்லட்டும்" என்றாள் அம்மா. டீச்சரம்மா கதையையும் சொன்னான், ஓட்டை இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு. எப்போது கால் ஆடுவது நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை.

வெயில் ஜன்னலைத் தாண்டிச் சுவருக்குப் போனது. அம்மாவின் மூச்சு இடைவெளி விட்டு விட்டு வந்தது. ஒவ்வொரு இடைவெளியிலும் அவன் தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். அக்கா எதிர்வீட்டுக்கு மருந்து எடுக்கப் போனாள். அவள் போய்த் திரும்புவதற்குள் ஓர் இடைவெளி நீண்டது. அவன் காத்திருந்தான். கட்டைவிரலைப் பிடித்திருந்த கை பிடித்தபடியே இருந்தது, பிடி மட்டும் இல்லை.

அக்கா ஈரத்துணியில் சுற்றிய பாட்டிலோடு வாசற்படியில் நின்றாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. இத்தனை மாதம் இமை மூடாமல் காத்தவள், அந்த ஒரு நிமிடத்துக்குத் தெருவைத் தாண்டியிருந்தாள்.

"நீ கூட இருந்தியா?"

"இருந்தேன்க்கா."

"அது போதும்" என்றாள். பாட்டிலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அழுதாள்.

அதன்பின் வீடு நிறைய ஆட்கள். யாரோ பால் பாக்கெட்டுகளை ஃப்ரிட்ஜில் அடுக்கிவிட்டார்கள், அத்தனையும் திரிந்துபோயின. "ஊருக்கெல்லாம் ஃப்ரிட்ஜ் பாக்குறவன், பெத்தவ வீட்டு ஃப்ரிட்ஜ் இந்த லட்சணத்துல இருக்கு" என்றார் மாமா.

"பார்ட் வரல மாமா" என்றான்.

எல்லாம் முடிந்து, எல்லோரும் போன பிறகு அவன் கீழ்க் கதவைத் திறந்தான். காலி பாட்டில்களை எடுத்துக் குப்பையில் போட்டான். துணியை உருவினான். பட்டனை அமுக்கியதும் குளிர் மணிக்கட்டில் வந்து மோதியது. கொஞ்ச நேரம் கையை எடுக்காமலே நின்றான். பிறகு துணியை மடித்துத் தையல் மெஷின் மேல் வைத்தான். அக்கா பார்த்தாள். எடுத்து வெட்டுத்துணிப் பைக்குள் போட்டாள்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான். போனை உயிர்ப்பித்ததும் அது அடங்காமல் அதிர்ந்தது. ஒரு செருப்பை மாட்டிவிட்டான்.

"பாத்ரூம் குழாய் சொட்டுதுடா" என்றாள் அக்கா பின்னாலிருந்து.

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு மூணு நாளாவே."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். குழாய்க்கு அடியில் வாளி இருந்தது. வாளியும் காய்ந்திருந்தது, தரையும் காய்ந்திருந்தது. குழாயின் வாயில் விரலை வைத்துப் பார்த்தான். ஈரமே இல்லை.

வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். பையைத் திறந்து ஸ்பேனரை எடுத்தான்.

"இது கொஞ்சம் பெரிய வேலைக்கா" என்றான்.

ஹாலிலிருந்து ஒரு நாற்காலி தரதரவென்று இழுபட்டு வரும் சத்தம் கேட்டது.