ஒரு தாள் போதாது

1965 கார்த்திகையில், திண்டுக்கல் பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்த என் லேபரட்டரிக்குச் சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து நல்லுசாமியும் அவர் மனைவி மாயம்மாளும் வந்தார்கள். கல்யாணமாகி ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. மாயம்மாளைச் சோதித்த லேடி டாக்டர், அவளிடம் குறை தெரியவில்லை, புருஷனைப் பாருங்கள் என்று சீட்டு கொடுத்திருந்தார். தை பிறந்ததும் நல்லுசாமிக்கு இரண்டாம் கல்யாணம் என்று வீட்டில் பெண் பேசி முடித்துவிட்டார்கள். குறை தன்னிடம் என்று தெரிந்தால் நிறுத்திவிடுவதாக அவர் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் மாயம்மாள் அவரை அழைத்து வந்திருந்தாள்.

நான் கொடுத்த புட்டியில் விந்தை எடுத்து மறுநாள் பஸ்ஸில் கொண்டுவந்தார்கள். இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. ஒரு துளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். சாதாரணமாக அதில் வாலாட்டிக்கொண்டு விந்தணுக்கள் கூட்டமாக ஓடும். இங்கே ஒன்றுகூட இல்லை. மிச்சத்தைக் குழாயில் ஊற்றி வேகமாகச் சுழற்றி, அடியில் தங்கிய வண்டலையும் பார்த்தேன். அதிலும் இல்லை.

இருவரையும் உட்காரவைத்து விளக்கினேன். நேரமானால் அணுக்களின் ஓட்டம் நின்றுபோகும். ஆனால் அணுக்கள் அதற்குள் மறைந்துவிடாது. அதே சமயம், ஓர் அணு உருவாகி வெளியே வர ஏறக்குறைய மூன்று மாதம் பிடிக்கும். இடையில் கடுங்காய்ச்சல் வந்தால் எண்ணிக்கை அடியோடு விழுந்து பிறகு ஏறவும் கூடும். அதனால் ஒரே சோதனையை வைத்து முடிவு சொல்லக் கூடாது.

புரட்டாசியில் தான் காய்ச்சலில் கிடந்ததை நல்லுசாமி நினைவுபடுத்திக்கொண்டார். "அப்ப இது உறுதியில்லேன்னுதான சார் அர்த்தம்?"

"ரெண்டு நாள் தடுமன். அதுக்குப் பேரு காய்ச்சலா?" என்ற மாயம்மாள் என்னைப் பார்த்தாள். "செத்திருந்தாலும் பொணமாச்சும் கெடக்கணும்ல அய்யா?"

அவள் கேட்டது சரி என்றேன். நல்லுசாமி அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னார். நான் தாளில் இரண்டு வரி எழுதினேன்: அணுக்கள் காணப்படவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை தேவை.

மார்கழிக் கடைசியில் மாயம்மாள் தனியாக வந்தாள். உறவுக்காரர்கள் கூடியிருந்தபோது நல்லுசாமி என் தாளின் இரண்டாவது வரியை மட்டும் படிக்க வைத்தாராம். எழுதினவருக்கே சந்தேகம் என்று சொல்லிக் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். இனி வருகிறவளுக்குச் சோறாக்கிப் போட்டுக்கொண்டு கிடக்க வேண்டும், இல்லையென்றால் கொடைரோட்டில் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும்.

"அவருக்குப் பொறக்காதுன்னு ஒத்த வரி எழுதுங்கய்யா. ஒங்களுக்குத் தெரியும்ல?"

ஏறக்குறைய தெரியும். ஆனால் டைபாய்டுக்குப் பிறகு ஓர் அணுகூட இல்லாமலிருந்த ஒருவருக்கு, அடுத்த சோதனையில் அணுக்கள் ஓடியதை நானே பார்த்திருக்கிறேன். புதிய தாளில் விவரமாக எழுதினேன்: தாமதத்தால் இப்படி ஆகாது, சாதாரணத் தடுமனாலும் ஆகாது, குறை இவரிடம் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம், மறுபரிசோதனையில் உறுதியாகும். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் வாசித்துக் காட்டினேன். கடைசியில் இருந்ததை விட்டுவிடச் சொன்னாள். ஏன் விடக்கூடாது என்று மறுபடி முதலிலிருந்து விளக்கினேன். முழுக்கக் கேட்டாள்.

"நீங்க சொல்ற அம்புட்டும் வெளங்குது. வெளங்கி என்ன செய்ய? அவரு அதத்தான வாசிக்கச் சொல்வாரு."

தாளை மேஜையிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். புரட்டாசிக் காய்ச்சலுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது, இப்போதே சோதிக்கலாம், எப்படியாவது அவரை ஒரு தடவை அழைத்து வா என்றேன். அவள் கொடைரோடு பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

தையில் கல்யாணம் நடந்தது. மறுபரிசோதனைக்கு நல்லுசாமி வரவேயில்லை.