பக்கத்து இரைச்சல்

1

மாதனூரில் நான் ஏறிய கம்பெனி பேருந்தில், நான்கு ஆன்டெனாக்கள் பொருத்திய பலகையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் போனாள். நான் பார்த்தது அவ்வளவே. தமிழினி என்ற பெயர் உட்பட மீதியெல்லாம் நான் சேர்த்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘தோல் பதனிடும் ஷெட்டின் முற்றத்தில் வெயில் மெல்ல...’

வேண்டாம். வெயிலுக்கு இங்கே வேலையில்லை.

2

கழிவுக் குழிக்குள் இறங்குபவரின் இடுப்பில் ஒரு கருவி. விஷவாயு ஏறினால் ரேடியோ அலையில் மேலே அலாரம் அனுப்பும். மேலே உள்ள நான்கு ஆன்டெனாக்களும் சேர்ந்து, பம்ப் மோட்டார் கிளப்பும் மின் இரைச்சல் எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று கண்டுபிடித்து, அந்தத் திசையை மட்டும் அடைத்துவிடும். மோட்டார் தள்ளியிருந்தால் பிசகுவதே இல்லை. பக்கத்தில் வைத்தால் குழம்பிப்போய், இரைச்சலோடு அலாரத்தையும் அடைத்துவிடுகிறது. சோதனையில் தமிழினி கண்டது இதுதான்.

மோட்டாரோ குழியின் விளிம்பில்தான் ஓடும்.

3

கருவியை வாங்குபவர்கள் பார்க்க வரும் நாள்.

“மோட்டார கேட்டாண்ட வெச்சிடும்மா,” என்றான் முதலாளி மதியழகன்.

“சார், அது குழியாண்டதான ஓடும்?”

“வர்றவங்களுக்கு அது தெரியுமா இன்னா? பேஜார் பண்ணாத.”

“உள்ள எறங்குறவருக்குத் தெரியும் சார்.”

“அவரு இன்னா, டெஸ்ட் ரிசல்ட்டு பாத்துட்டா எறங்குறாரு?”

(மதியழகனைக் கெட்டவனாக எழுத வரவில்லை. அண்ணன் இப்படியொரு குழியில் செத்தபிறகுதான் இந்தக் கருவியைச் செய்யத் தொடங்கினான். விற்றுவிட்டுச் சரிசெய்துகொள்ளலாம் என்று உண்மையாகவே நம்புகிறான். அந்த அண்ணன், நீங்கள் மதியழகனை வெறுக்காமலிருக்க நான் சாகடித்தவர்.)

தமிழினி ஆன்டெனாப் பலகையை எடுத்துக் குழியோரம் வைத்தாள்.

4

முடிவு ஒன்று: மோட்டார் குழியோரம். அலாரம் வரவில்லை. வந்தவர்கள் போய்விடுகிறார்கள். கருவியே இல்லாமல் ஆட்கள் இறங்குகிறார்கள், இதுவரை இறங்கியதைப் போல.

முடிவு இரண்டு: மோட்டார் கேட்டருகே. அலாரம் அலறுகிறது. கைதட்டல். கருவியை நம்பி இறங்குகிறார்கள்.

இரண்டையும் அடித்துவிட்டேன். இரண்டிலும் அவளுக்குச் சம்பளம் உண்டா இல்லையா என்றே என் மனம் போனது. குழிக்குள் போகவில்லை.

5

மோட்டாரைத் தூக்கி வந்தவர் பூவரசன். நாளை குழியில் இறங்கப் போகிறவரும் அவரே.

“மெஷின் கூவலன்னா நான் தூங்குறேன்னு நெனச்சிக்காதம்மா,” என்று சிரித்தார். தமிழினி சிரிக்கவில்லை. மதியழகன் கேட்டைப் பார்த்தான்.

“எங்க வெக்கட்டும்? சொல்லும்மா, கை நோவுது.”

அவருக்கு நான் பதில் எழுதப்போவதில்லை. தமிழினி உங்களைப் பார்க்கிறாள். மோட்டார் கனமானது, சீக்கிரம் சொல்லுங்கள்.