மைதானத்தில் கூடவும்

பியூரா நகரிலுள்ள மாகாண அலுவலகத்தில் நெலிதா கெரெவாலுவுக்கு இருந்தது ஒரே வேலைதான். ஆபத்தான ரசாயனம் வைத்திருக்கும் ஆலைகள் வருஷத்துக்கு ஒரு தடவை அனுப்பும் அவசரகாலத் திட்டத்தைப் படித்துப் பார்த்து, சரியாக இருந்தால் கடைசிப் பக்கத்தில் முத்திரை குத்த வேண்டும். கசிவு ஏற்பட்டால் சங்கை ஊதுவது யார், யாருக்குப் போன் போடுவது, அக்கம்பக்கத்து ஜனங்கள் எங்கே போய் நிற்பது எல்லாம் அந்தத் திட்டத்தில் இருக்கும். ஆலைகள் நூற்றுச் சொச்சம், ஆள் இவள் ஒருத்தி. நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று விதி சொன்னது. போவதற்கு வண்டி கொடுக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. அதனால் அவள் மேஜையில் உட்கார்ந்தே படித்தாள், குத்தினாள்.

மார்ச் மாதம் லாஸ் கார்ஸாஸ் என்ற கடலோர ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அங்குள்ள பள்ளியின் தலைமையாசிரியை தொமித்திலா எச்சே. ‘எங்கள் பள்ளிக்கும் கணவாய் மீன் ஆலைக்கும் நடுவில் ஒரு தெருதான் இருக்கிறது. அமோனியா கசிந்தால் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது என்று ஆலையில் கேட்டேன். திட்டம் பியூராவில் இருக்கிறது என்றார்கள். ஒரு நகல் அனுப்ப முடியுமா?’

நகலைத் தபாலில் அனுப்பியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். நெலிதா அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு தன் செலவிலேயே பஸ் ஏறினாள். ஏன் என்று பிறகு கேட்டவர்களுக்கு அவளால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

கணவாயை வெட்டிச் சுத்தம் செய்து உறைய வைத்துக் கப்பலேற்றும் ஆலை அது. உறைய வைப்பதற்கு ஒன்பது டன் அமோனியா. மேலாளர் கொன்சாலோ அர்ரெசே அவளுக்குக் காப்பி கொடுத்தார்.

“சங்கா? மாடியில இருக்கு மேடம். இப்பவே ஊதிக் காட்டறேன்.” பொத்தானை அழுத்தினார். சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை அழுத்தினார்.

வாசலில் நின்ற காவலாளி தொண்டையைச் செருமினான். “சார், அது போன வருஷ மழையிலயே போயிடுச்சு. புறா கூடு கட்டியிருக்கு. கலைக்க மனசு வரலன்னு விட்டுட்டோம்.”

நெலிதா திட்டத்திலிருந்த போன் எண்களை வரிசையாக அழைத்துப் பார்த்தாள். தீயணைப்பு நிலையம் என்று போட்டிருந்த எண்ணில் ஒரு பெண் எடுத்தாள். “தீயணைப்பா? இது கோழிக்கடைங்க. சுட்டது முழுசா வேணுமா, பாதியா?”

அர்ரெசே சிரித்தார். நெலிதாவுக்கும் சிரிப்பு வந்தது. குறித்துக்கொண்டாள்.

மத்தியானம் தலைமையாசிரியையோடு மைதானத்துக்குப் போனாள். திட்டத்தில் ‘சங்கு ஒலித்ததும் பள்ளி மாணவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் மைதானத்தில் கூடவும்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஆலையின் வடக்கே ஒரு கால்பந்து கோல் கம்பமும் நிறைய மணலுமாகக் கிடந்த இடம். போய் நின்ற உடனே கணவாய்க் கவிச்சி நெலிதாவின் முகத்தில் அடித்தது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“இங்க எப்பவுமே இப்படித்தான்,” என்றாள் தொமித்திலா. “தெக்குக் காத்து. வருஷம் பூரா இந்தப் பக்கந்தான் வீசும். கண்ண மூடிக்கிட்டே ஆலையில வேலை நடக்குதா இல்லையான்னு சொல்லிடலாம்.”

நெலிதா ஆலையின் குழாய்களைப் பார்த்தாள், மைதானத்தைப் பார்த்தாள். கவிச்சி எந்த வழியில் வருகிறதோ அமோனியாவும் அதே வழியில்தான் வரும். வகுப்பறையில் இருந்தாலாவது கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

தொமித்திலாவுக்கும் அது புரிந்துவிட்டது. திட்டத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி முத்திரையைக் காட்டினாள். “இது யாரு போட்டது?”

“நான்தான்.”

“எத்தனை வருஷமா?”

“மூணு.”

“ஒரு தடவகூட இங்க வந்து நின்னதில்ல?”

“இல்ல.”

தொமித்திலா திட்டத்தை மடித்து அவள் கையில் திணித்தாள். பஸ் நிறுத்தம் வரை கூட வந்தாள், அவ்வளவுதான்.

அறிக்கையைப் படித்த மேலதிகாரி வித்தால் பந்தா கதவைச் சாத்தினார். “சங்கு ஊதல, எழுது. நம்பர் தப்பு, எழுது. மைதானத்த எதுக்கு இழுக்கற? மூணு வருஷமா தப்புன்னு நீயே எழுதினா, மூணு வருஷமா என்ன கிழிச்சேன்னு கேப்பாங்க.”

“கேக்கட்டும் சார்.”

“உன்ன மட்டுமா? உனக்கு மேல கையெழுத்து யாரோடதுன்னு பாத்தியா?”

“பாத்தேன் சார். அதையும் எழுதியிருக்கேன்.”

அவர் அறிக்கையை இன்னொரு தடவை புரட்டினார். பிறகு அறிக்கையை மேலே அனுப்பினார். அனுப்பாமல் வைத்திருக்க அவரால் முடியும், ஏனோ அனுப்பிவிட்டார்.

புதிய திட்டம் தயாராகும்வரை ஆலையை மூடச்சொல்லி உத்தரவு வந்தது. பன்னிரண்டு நாள் மூடிக் கிடந்தது. கணவாய் வெட்டும் பெண்களுக்கு வேலை செய்த நாளுக்குத்தான் கூலி. ஒத்திகை நடத்த நெலிதா மறுபடி வந்தபோது அவர்கள் வாசலிலேயே காத்திருந்தார்கள்.

“வாங்கம்மா, மகாராணி,” என்றாள் மருஹா யென்கே. நாற்பது வயது, பெரிய குரல். “உங்க காகிதத்துக்காக எங்க அடுப்பு அணைஞ்சு கெடக்கு.”

“திட்டம் சரியானதும் தெறந்துடுவாங்க.”

“இன்னிக்குக் காலைல சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேன்.”

“அதான் நல்லாப் பேச வருது.”

நெலிதாவுக்கு முகம் சூடானது. ஆனாலும் மாலை வரை அந்தப் பெண்களோடு இருந்தாள். தெற்கே படகுத்துறைக்கு நேராகப் போக ஒரு சந்து இருப்பதை மருஹாதான் சொன்னாள். எந்த வரைபடத்திலும் அது இல்லை. குறுக்கே ஒருவன் வேலி போட்டிருந்தான். பெண்கள் அன்றைக்கே அதைப் பிடுங்கிப் போட்டார்கள். பழுது பார்த்த சங்கு ஊதியதும் பிள்ளைகள் ஒத்திகையில் சிரித்துக்கொண்டே பதினாலு நிமிஷத்தில் துறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டாம் தடவை ஒன்பது.

ஜூனில் நெலிதாவை மூன்று மாதம் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். காரணம், கடமையில் அலட்சியம். சான்றாக அவளுடைய அறிக்கையையே இணைத்திருந்தார்கள். பந்தாவுக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிற்று.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தொமித்திலா.

“வெடிச்சிடுச்சு. ஒரு வால்வாம். சங்கு ஊதிச்சு, நாங்க எல்லாரும் துறையில நிக்கறோம்.”

“பிள்ளைங்க?”

“நாலு தடவ எண்ணிட்டேன். அத்தனை பேரும் இருக்காங்க. மைதானம் முழுக்க வெள்ளையா இருக்கு, மேகம் எறங்கின மாதிரி. இங்கிருந்தே தெரியுது.” பின்னால் குழந்தைகளின் இரைச்சல். மருஹா யாரையோ உட்காரச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள். “நெலிதா, கேக்கறீங்களா?”

அவள் முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை நெலிதா கவனித்தாள். “கேக்கறேன். ஆலைக்குள்ள யாருக்காவது?”

“மெக்கானிக் ஒருத்தருக்கு. இஸ்மாயெல் தூமேன்னு பேரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க.”

திட்டம் பலித்ததாகப் பத்திரிகைகள் எழுதின. அர்ரெசே பேட்டி கொடுத்தார். நெலிதா நான்காம் நாள் பியூரா ஆஸ்பத்திரிக்குப் போனாள். வேலையில் இல்லாததால் பார்வையாளர் நேரத்துக்காக மற்றவர்களோடு வரிசையில் நின்றாள்.

இஸ்மாயெல் தூமேவின் இரண்டு கண்ணிலும் கட்டு. இடது கண் திரும்பாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். நெலிதா தான் யார் என்று சொன்னாள்.

“வாயு முகமூடி போடலையா நீங்க?” என்று கேட்டாள்.

“போடத்தான் ஓடினேன். அலமாரி பூட்டியிருந்துச்சு. திருட்டுப் போகுதுன்னு பூட்டிட்டாங்க. சாவி ஆபீஸ்ல.”

அந்த அலமாரியை அவள் ஆலைக்கு முதலில் போன அன்றே பார்த்திருந்தாள். கண்ணாடி வழியாக முகமூடிகளை எண்ணி, பன்னிரண்டு என்று அறிக்கையில் எழுதியும் இருந்தாள். கதவைத் திறந்து பார்க்கவில்லை. அதை அவரிடம் சொன்னாள்.

அவர் கட்டுப் போட்ட முகத்தை அவள் குரல் வந்த பக்கம் திருப்பினார். பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள்.

“இதையும் எழுதுவீங்களா?”

“எழுதுவேன். வேலையில இல்ல, ஆனா எழுதலாம்.”

“எழுதினா மறுபடி மூடுவாங்களே. பொம்பளைங்க உங்கள விடமாட்டாங்க.”

“மாட்டாங்க,” என்றாள் நெலிதா. கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். “சாவி யாரு கிட்ட இருக்கும்? பேரைச் சொல்லுங்க.”