குறி பார்த்தே தீர்ந்த தோட்டாக்கள்

ரெய்னோவிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் தேரை இழுத்துத் தெருவில் விட்ட கதையாகத்தான் முடியும். கட்டிக்கொண்ட நாளிலிருந்து மேவிஸுக்கு இது தெரியும். தெரிந்தும் துப்பாக்கியை அவனிடம் கொடுத்தாள் பாருங்கள், அதுதான் அவள் செய்த தப்பு.

வடக்கு மிஷிகனில் மறுநாள் மான் வேட்டை தொடக்கம். போன வருடம் தோள்பட்டையில் அறுவை சிகிச்சை என்று வீட்டிலேயே கிடந்தவள், இந்த வருடம் போயே தீருவது என்றிருந்தாள். மற்ற துப்பாக்கிகள் கழுதை மாதிரி உதைக்கும். இது ஒன்றுதான், சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொண்டு, உதையில் பாதியைத் தானே விழுங்கிவிடும். டாக்டரும் இதற்கு மட்டும்தான் தலையாட்டினார். ஆனால் சனியன், அதன் தோட்டா ஒரு தனி ரகம். ராணுவத் தோட்டாவைவிடத் தடிமன், பெரிய வேட்டைத் தோட்டாவைவிடக் குட்டை. வேறு தோட்டா எதுவும் அதற்குள் போகாது. வாங்க ஆளில்லை என்று செய்வதையே நிறுத்திவிட்டார்கள். வீட்டில் அரைப் பெட்டி மிச்சம் இருந்தது.

முந்தின நாள் ஊரே ஜல்லி தோண்டிய குழிக்குப் போய் அட்டையில் சுட்டுக் குறி சரிபார்ப்பது வழக்கம். "ரெண்டே ரெண்டு சுடு, போதும்" என்று சொல்லித்தான் அனுப்பினாள். சாயங்காலம் முகமெல்லாம் பல்லாக வந்து நின்றான்.

"பாரு மேவி! கடைசியா போட்டது எல்லாம் ஒரே இடத்துல. ஒரு காபிக் கோப்பையை வச்சு மூடிடலாம்."

"கடைசியான்னா? மிச்சம் எங்க?"

"முதல்ல இடது பக்கமா போச்சு. அதைச் சரி பண்ணா மேல போச்சு. அதை இறக்கினா..."

"பெட்டி காலியா?"

"குறி பிரமாதமா இருக்குடி."

"நாளைக்கு மானை எதால அடிக்கிறது? இந்த அட்டையாலயா?"

"கடையில கேப்போமே."

"கடைக்காரன் வருஷக்கணக்கா கையை விரிக்கிறான்யா!"

அவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. வெளியே போகலாம் என்று ஆணியில் தொங்கிய ஆரஞ்சுக் கோட்டை மாட்டினாள். பைக்குள் விரலில் ஏதோ இடறியது. அதே ரகத் தோட்டா ஒன்று. வேட்டை முடிந்து திரும்பும்போது குழலில் இருப்பதைக் கழற்றிப் பையில் போடுவாள். அப்படிப் போட்டு மறந்தது.

ரெய்னோ துள்ளினான். "குடு, ஒரு தடவை சுட்டுப் பாத்துட்டு வந்துடறேன்."

"எதுக்கு?"

"குழியில ஒரே தூசி. குறி பாக்குற ஸ்கோப்பைக் கழட்டித் துடைச்சு மாட்டினேன். குறி நகர்ந்திருக்கும்ல?"

மேவிஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அழலாமா அடிக்கலாமா என்று தெரியவில்லை.

"அத்தனையும் சுட்டு முடிச்சிட்டு, அப்புறம் கழட்டினியா?"

"சுத்தமா இருக்கணும்ல..."

"எதிர்ல நிக்காத. போயிடு."

விடிந்ததும் ஒற்றைத் தோட்டாவோடு மறைப்புக் குடிலில் உட்கார்ந்தாள். தூரத்தில், வெட்டவெளியின் ஓரத்தில், கிளை கிளையாகக் கொம்பு வைத்த ஆண் மான் வந்து நின்றது. இப்படி ஒன்றை அவள் பார்த்ததே இல்லை. விரல் விசைக்குப் போனது. குறி தவறிக் காலிலோ வயிற்றிலோ பட்டால், அது சதுப்புக்குள் ஓடிக் கிடந்து சாகும். ரெய்னோவின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே அதைப் போகவிட்டாள்.

பிறகு ஒரு சின்னக் கொம்பு மான் மோப்பம் பிடித்துக்கொண்டு குடிலுக்கு வெகு அருகில் வந்தது. ஸ்கோப் முழுக்க ரோமம்தான் தெரிந்தது. இந்தக் கிட்டத்தில் எவன் கழற்றி மாட்டியிருந்தாலும் தப்பாது. சுட்டாள். மான் நின்ற இடத்திலேயே விழுந்தது. தோள் வலிக்கவில்லை. அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

சத்தம் கேட்டு ரெய்னோ ஓடி வந்தான். மானைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை.

"தோட்டாவோட வெத்துக் குப்பி எங்க விழுந்துச்சு? நேத்து சுட்டதெல்லாம் ஜல்லிக்குள்ள போயிடுச்சு. அதை விட்டுடாத மேவி! தோட்டா செய்யற நம்ம டென்னிஸ் அதுல மறுபடி மருந்து நிரப்பித் தருவான்."

ராத்திரி விழுந்த பனியில் மண்டியிட்டு இரண்டு கையாலும் துழாவ ஆரம்பித்தான். சுட்ட கையோடு அவள் பொறுக்கிப் போட்ட குப்பி, கோட்டுப் பைக்குள் பத்திரமாக இருந்தது.

"இந்தத் துப்பாக்கி குப்பியை ரொம்ப தூரம் வீசும்யா" என்றாள் மேவிஸ். "இன்னும் கொஞ்சம் தள்ளித் தேடு."