ஆறாத எஞ்சின்

ஹெம்லிடன் கிராமத்தில் குன்வோரின் கார் எஞ்சின் முப்பத்தொரு வருடங்களாக ஆறவில்லை. ஒரு ஜனவரி மாத வியாழக்கிழமை, குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்துநான்கு டிகிரி இருந்தபோது, பாலேடு வாங்கி வந்த கையோடு அவள் காரைக் கொட்டகைக்குள் விட்டுச் சாவியை எடுத்தாள். அன்றிலிருந்து அது கைபொறுக்கும் சூட்டிலேயே இருந்தது. கொட்டகைக் கூரையில் பனி தங்கவில்லை. ஊர்ப் பெண்கள் ஏலக்காய் ரொட்டிக்குப் பிசைந்த மாவை ஈரத்துணி போர்த்திக் கொண்டுவந்து பானெட்டின் மேல் வைப்பார்கள். முக்கால் மணியில் பொங்கிவிடும். போகும்போது நன்றி சொல்வார்கள். இவ்வளவு சூடான எஞ்சின் அன்று எப்படிக் கிளம்பாமல் போனது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. அந்த நன்றியைத்தான் குன்வோரால் தாங்க முடியவில்லை.

அன்று அவள் தங்கை சோல்வெய், ஒன்பது மாதம் மனநல மருத்துவமனையில் இருந்துவிட்டு, பதினொரு கிலோமீட்டர் தள்ளியிருந்த ரயில் நிலையத்தில் இறங்கித் தொலைபேசியில் கூப்பிட்டாள். தேவாலயத் தையற்குழுவின் எட்டுப் பெண்கள் அப்போதுதான் காப்பிக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் வழக்கம்போல ஏழு வகை பிஸ்கட். மணி அடித்ததும் கோப்பைகள் வாய்க்குப் போகாமல் நின்றன. "வண்டி கிளம்பல, சோல்வெய்" என்றாள் குன்வோர். அந்தக் குளிரில் அதைவிட மரியாதையான பொய் அந்தப் பக்கத்தில் கிடையாது. "சரிக்கா" என்று சொல்லிவிட்டு சோல்வெய் அடுத்த ரயிலில் தெற்கே போய்விட்டாள். சொன்னதைக் காப்பாற்றுவதற்காக அதன்பின் குன்வோர் அந்தக் காரைத் தொடவேயில்லை. எங்கே போனாலும் பஸ்ஸில் போனாள்.

முப்பத்தொரு வருடம் கழித்து, ஒரு மார்ச்சில் சோல்வெயிடமிருந்து கடிதம் வந்தது. சனிக்கிழமை வருகிறேன், காரில் வந்து கூட்டிப்போ. வெள்ளிக்கிழமை காலை, பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற ஹில்டிங்கை வரவழைத்தாள். அவர் வார்னிஷ் போல நாறிய பழைய பெட்ரோலை வடித்துக் கொட்டினார். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிச் செய்தித்தாளில் வரிசையாக வைத்தார். பிளக் இருந்த ஓட்டைகளில் கரண்டி கரண்டியாக எண்ணெய் விட்டு, பெரிய ஸ்பானரால் எஞ்சினை அரைச்சுற்று திருப்பினார்.

"ஆறிப்போனத எழுப்பறதுக்குத்தான் இவ்ளோ வேலையும். இது தூங்கவே இல்லையே!"

"உங்களுக்குத் தெரியும்தானே, ஹில்டிங்?"

"ஊருக்கே தெரியும். என் பொண்டாட்டியும் அன்னிக்கு உன் வீட்லதான் இருந்தா. பாதாம் பிஸ்கட் கொஞ்சம் கருகிப்போச்சாம்."

குன்வோருக்குக் காதுமடல்வரை எரிந்தது. எண்ணெய் ராத்திரி முழுக்க ஊறட்டும், காலையில் பிளக் மாட்டிப் புது பெட்ரோல் ஊற்றலாம் என்று ஹில்டிங் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சமையலறையில் தொலைபேசி அடித்தது. ஓடிப்போய் எடுத்தாள்.

"அக்கா, ஒருநாள் முன்னாடியே வந்துட்டேன். ஸ்டேஷன்ல நிக்கறேன். வண்டி கிளம்புமா?"

டாங்கில் சொட்டு பெட்ரோல் இல்லை; பிளக்குகள் செய்தித்தாளில் கிடந்தன. அந்தப் பழைய வாக்கியம் வாழ்க்கையில் முதல்முறையாக முழு உண்மையாகி அவள் நாக்கில் வந்து நின்றது. சொன்னால் யாரும் குறை சொல்ல முடியாது. ஹில்டிங்கே சாட்சி. அப்படி ஒரு நிம்மதி தனக்குள் எழுந்ததைக் கண்டபோது, முப்பத்தொரு வருடத்தில் கூசாத அளவு கூசிப்போனாள்.

"அன்னிக்கு வண்டி நல்லாத்தான் இருந்துது. நான்தான் வரல. வீட்ல ஆளுங்க இருந்தாங்க. நீ வந்து நின்னா எனக்கு வெக்கமாயிருக்கும்னு நெனச்சேன்."



"அன்னிக்கே தெரியும்க்கா. இங்க குளிருது."

கொட்டகையில் எஞ்சின் ஓடத் தொடங்கியிருந்தது. ஹில்டிங் நான்கு பிளக்கையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பார்த்தார். பிறகு பானெட்டை மூடி, கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டார்.

நிலையத்தில் குன்வோர் முன்கதவைத் திறந்து பிடித்தாள். சோல்வெய் பின்னால் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். பாதி வழியில் ஒருமுறை கேட்டாள்: "இது எப்பவும் இப்படித்தான் சத்தம் போடுமா?"

"தெரியாது. இந்தச் சத்தத்த நானும் இப்பதான் கேக்கறேன்."

வெறும் ஓட்டைகள் கண்ணை உறுத்துகின்றன என்று ஏப்ரலில் ஹில்டிங் வந்து பிளக்குகளை மாட்டினார். அதனால் வண்டியின் ஓட்டம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சனிக்கிழமைதோறும் அக்காவும் தங்கையும் அந்தக் காரில் கடைக்குப் போனார்கள். மூன்றாம் வருட இலையுதிர்காலத்தில் சோல்வெய் முன் இருக்கைக்கு மாறினாள்.