முதுகில்லாத பலகைகள்

எங்கள் வீட்டுக்காரர் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறை வாசலில் வைத்தார். "சுவத்துல இருந்து மூணடி தள்ளி நிக்கணும் புனிதா, இல்லன்னா சத்தம் சரியா வராது" என்றார். எங்கள் கூடமே கைக்குட்டை அளவுதான். அதில் மார்பளவு உயரத்துக்கு இரண்டு பிளைவுட் பலகைகள். ஒவ்வொன்றிலும் வட்டமாக ஓர் ஓட்டை, அதில் ஒரு காகிதக் கூம்பு ஸ்பீக்கர். பெட்டி கிடையாது. முன்னால் வருவது போலவே பின்னாலும் சத்தம் வர வேண்டுமாம், காற்றை அடைத்துப் போடக் கூடாதாம். திண்டிவனத்தில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கும் என் புருஷன் தேவநாதனுக்கு, ராவும் பகலும் போனைப் பார்த்துப் பார்த்து வந்த பைத்தியம் இது.

"நல்லா இல்லன்னா ரெண்டும் பரணுக்குப் போயிடும்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். நாதஸ்வரம் போட்டார். முதல் சுரத்துக்கு முன்னால், இரண்டு பலகைகளுக்கும் நடுவில், ஆளே இல்லாத இடத்தில் ஒருவர் மூச்சை இழுத்தார். எனக்குக் கை மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. "இன்னொரு தபா போடுங்க" என்றேன்.

அதற்குப் பிறகு அவரைவிட எனக்குத்தான் முற்றிப்போனது. என் இன்ச் டேப்பை வைத்து அளந்து, துணியில் கோடு போடும் சாக்கால் தரையில் குறித்து, பலகையை விரல் விரலாக உள்ளே திருப்பினோம். தவில் மெலிந்து கேட்டதால் இரண்டு பக்கமும் சாண் அகலத்துக்குச் சட்டம் அடித்தார். தவில் வந்துவிட்டது. அடுப்பில் குழம்பு தீய்ந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் வளவனூரில் தச்சு வேலை செய்யும் என் அண்ணன் அரசப்பனுக்குப் போன் போட்டேன். எல்லாம் சொல்லி, "பின்னாடி மூடக்கூட இல்லண்ணா, தொறந்து கெடக்குது" என்று கேலியும் பண்ணினேன். ம், ம் என்று அண்ணன் கேட்டுக்கொண்டது.

அண்ணன் எங்கள் வீட்டு வாசல் மிதித்து இரண்டு வருஷம். அப்போது எங்கள் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர்வரிசை மண்டபத்துக்குள் வரும்போது ஊரே திரும்பிப் பார்க்க வேண்டுமென்று பெரிய பெரிய சவுண்ட் பாக்ஸ் ஏற்பாடு பண்ணியிருந்தது. இரைச்சல் தாங்காமல் எங்கள் வீட்டுக்காரர் போய் வயரைப் பிடுங்கிவிட்டார். தட்டுகளோடு அண்ணன் நடுமண்டபத்தில் அப்படியே நின்றது. குழந்தையை மடியில் வைத்துக் காது குத்தி முடித்ததும், சாப்பிடாமல் போய்விட்டது. அதோடு இருவருக்கும் பேச்சு இல்லை.

புதன்கிழமை லைனிங் துணி வாங்க விழுப்புரம் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினால், கூடத்தில் அண்ணன் துண்டால் முகம் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பக்கத்து வீட்டில் சாவி வாங்கியிருக்கிறது. இரண்டு பலகைகளின் முதுகையும் தேக்கு நிற மைக்கா ஒட்டிய பிளைவுட்டால் மூடி, வரிசையாகத் திருகி வைத்திருந்தது. விளிம்பில் இழைப்பு என்றால் அப்படி ஓர் இழைப்பு. "மாப்ளைக்கு மர வேல வராதுல்ல. பாதியில விட்டுட்டாருன்னு நெனச்சேன்" என்றது.

அதே நேரம் எங்கள் வீட்டுக்காரரும் டீ குடிக்க ரிப்பேர் கடையிலிருந்து வந்து சேர்ந்தார். "வாங்க மச்சான்" என்றவர் பலகைகளைப் பார்த்தார். நாதஸ்வரத்தைப் போட்டார். குடத்துக்குள் உட்கார்ந்து வாசித்த மாதிரி இருந்தது. அந்த மூச்சைக் காணோம்.

"நல்லாருக்குது மச்சான்" என்றார். அன்றைக்கு வயரைப் பிடுங்கிய அதே மனுஷன். இவர் இப்படியே காலம் பூராவும் குடத்துச் சத்தத்தைக் கேட்பார், அண்ணனும் வந்துகொண்டிருக்கும். நல்லதுதானே என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். முடியவில்லை. மெஷின் டிராயரிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தேன்.

"அண்ணா, நீ ஆசையாத்தான் பண்ணிக்கினு வந்துகிற. ஆனா பாட்டு போயிடுச்சு."

"சும்மா இரு புனிதா" என்றார் அவர்.

அண்ணன் முகம் மண்டபத்தில் பார்த்த முகமாக மாறியது. பிறகு எழுந்து, "அத்தக் கீழ வை. திருகு தல தேஞ்சிடும்" என்று தன் பையிலிருந்து வேறொன்றை எடுத்தது.

ஒரு முதுகைத்தான் முதலில் கழற்றியது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் குடம், மறுபக்கம் ஆள். அண்ணன் கை நின்றது. இரண்டு பக்கமும் மாறி மாறிக் கேட்டது. யாரும் சொல்லாமலே அடுத்ததையும் கழற்றியது.

பலகைக்குப் பின்னால் குந்தி, கூம்புக்கு நேராக உள்ளங்கையைக் காட்டியது. "இங்கயும் வாசிக்குது மாப்ள."

"ஆமா மச்சான்."

"அன்னிக்கு மண்டபத்துல காது வலிச்சுதா?"

"ரொம்ப வலிச்சுது மச்சான். ஒங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் புடுங்கியிருக்கணும்."

அண்ணன் அந்த மூன்றடி இடத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது. அவர் முன்னால் நாற்காலியில். டீ கொண்டுவந்து வைத்தேன், இருவரும் தொடவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் பையைக்கூடக் கழற்றாமல் பலகைகளுக்கு நடுவே புகுந்து, போய் மாமன் மடியில் உட்கார்ந்தாள். தவில் தொடங்கியது. அண்ணன் அன்றைக்குப் போட்ட குட்டி ஜிமிக்கி அவள் காதில் ஆடிக்கொண்டிருந்தது.