ஓனர் வேணாம்னு சொல்றாங்க

எனக்குக் கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவேன். இன்சூரன்ஸ் கம்பெனியின் புகார் பிரிவில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டியதில் வந்த பழக்கம். அன்று புதன்கிழமை, கவிப்ரியா தன் கைப்பேசியை என் பக்கம் நகர்த்திய ஐந்தாவது நிமிஷமே கண்ணாடி மேசைக்கு வந்துவிட்டது.

லிட்டில் இந்தியாவில், டன்லப் ஸ்திரீட்டில் ஒரு புடவைக்கடைக்கு மேலே இரண்டு மாடி ஏறினால் எங்கள் 'இணைக்கரம்' அலுவலகம். வீடு தர மறுத்தார்கள், வேலையில் ஓரங்கட்டினார்கள், நிறத்தைச் சொல்லிப் பேசினார்கள் என்று வருகிறவர்களுக்கு நாங்கள் துணை நிற்கிறோம். மைமூன்தான் பொறுப்பாளர். நான் ஓய்வு பெற்ற பிறகு வாரத்தில் இரண்டு நாள் வரும் தொண்டூழியர். சும்மா சொல்லக்கூடாது, சந்திரமதி என்று நான் கையெழுத்துப் போட்ட கடிதம் போனால் பாதிப் பேர் மறுநாளே போன் பண்ணிவிடுவார்கள்.

கவிப்ரியா திருவாரூர்க்காரி. இருபத்தேழு வயது. இங்கே ஒரு மருத்துவமனையில் தாதி. குடியிருக்கும் வீட்டை ஓனர் விற்றுவிட்டார். சனிக்கிழமை காலி பண்ண வேண்டும். பதினோரு இடத்தில் ரூம் கேட்டிருக்கிறாள், பதினோரு இடத்திலும் இல்லை.

"சனிக்கிழமைக்குள்ள கிடைக்கலன்னா வேலைய விட்டுட்டு ஊருக்கே போயிடலாம்னு இருக்கேன் மேடம். பன்னெண்டாவது தடவை கேக்க வாய் வரல," என்றாள். அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்த முகம் அது.

"நீ ஏம்மா போகணும்? போறவங்க வேற யாராவது இருப்பாங்க. காட்டு," என்றேன்.

பத்துப் பேர் மழுப்பியிருந்தார்கள். ரூம் போய்விட்டது, பிறகு சொல்கிறோம், இந்த மாதிரி. பதினோராவது ஏஜென்ட் மட்டும் புண்ணியவான், எழுத்திலேயே கொடுத்திருந்தான். 'சாரி சிஸ். ஓனர் வேணாம்னு சொல்றாங்க. லோக்கல் இண்டியன் ஓகே. இண்டியா இண்டியன் நோ.'

"இது எந்த இடம்?"

"பொங்கோல் மேடம்."

"எங்க ஏரியாவிலயா? நல்லாயிருக்கு!" கண்ணாடியைக் கழற்றியது அப்போதுதான். அந்த எண்ணை என் போனில் தட்டினேன். திரையில் 'ரமணன் ஏஜென்ட்' என்று பெயர் வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். "பார்த்தியா, நமக்குத் தெரிஞ்ச பையன்தான். என் வீட்டு ரூமையும் இவன்கிட்டதான் குடுத்து வெச்சிருக்கேன். ரெண்டே நிமிஷம் இரு."

மைமூன் தன் கணினியிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அவளுக்கு என்னைவிட மூளை வேகம்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புகார் கொடுத்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஸ்பீக்கரில்தான் போன் பேசுவோம். அவரைப் பற்றிய பேச்சு அவர் காதில் விழவேண்டும். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே நான்தான்.

"ஹலோ ஆண்ட்டி! உங்க ரூமுக்கு ஆள் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன் லா," என்றான் ரமணன்.

"என் ரூம் கிடக்கட்டும். கவிப்ரியான்னு ஒரு நர்ஸ் உனக்கு மெசேஜ் பண்ணிச்சில்ல? அந்தப் பொண்ணுக்கு இப்படியா பதில் போடுவே? நீயும் தமிழன்தானே, வெக்கமா இல்ல? அந்த ஓனர் பேரைச் சொல்லு. நான் கிழிக்கிற கிழியில அந்த ஆள் ஜென்மத்துக்கும் ரூம் வாடகைக்கு விடக்கூடாது."

"ஆண்ட்டி..."

"என்ன ஆண்ட்டி? பேரு!"

"ஆண்ட்டி, நீங்க தனியாவா இருக்கீங்க?"

"ஸ்பீக்கர்ல இருக்கே. அந்தப் பொண்ணும் இங்கதான் உக்காந்திருக்கு. சொல்லு."

ஒரு பெருமூச்சு கேட்டது. "அது உங்க ரூம்தான் ஆண்ட்டி."

கீழே புடவைக்கடையில் யாரோ பேரம் பேசுவது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

"பொய் சொல்லாதே. நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"ஜூன்ல ஆண்ட்டி. உங்க புளோக் கீழே, காப்பிக்கடையில. யாருக்குக் குடுக்கலாம்னு கேட்டேன்ல."

சொன்னேன்தான். மகள் சிவானி கல்யாணமாகி பெர்த்துக்குப் போனபின் அவள் அறை சும்மா கிடந்தது. பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே சொன்னேன்: 'ஊர்லேருந்து வர்றவங்க மட்டும் வேணாம்பா. மூணு வேளையும் சமைப்பாங்க. தாளிக்கிற வாசம் ஹால் வரைக்கும் வரும். சனி ஞாயிறு நாலு பேரைக் கூட்டிட்டு வந்துடுவாங்க.' சொல்லிவிட்டு அடுத்த பரோட்டாவுக்கு ஆர்டர் கொடுத்தேன். மறந்தும் போனேன். நான் மிளகாயும் இறால் விழுதும் சேர்த்து சம்பால் பிளாச்சான் இடிக்கும் நாளில் எதிர்வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொள்வார் என்பது அப்போது ஞாபகம் வரவில்லை.

இங்கேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு ஒரு பழக்கம். யாராவது இண்டியன் வேண்டாம் என்றால், "நாங்க லோக்கல்" என்று அவசரமாகச் சொல்லித் தப்பித்துக்கொள்வோம். அதாவது, அடி எங்கள் மேல் விழக்கூடாது, பக்கத்தில் நிற்கிறவர் மேல் விழட்டும். செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலைக்கு வந்து இறங்கியபோது என் கொள்ளுத்தாத்தாவும் ஊரிலிருந்து வந்தவர்தான். அவருக்கு யாரோ படுக்க இடம் கொடுத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் நான் ஏது?

போனை வைத்தேன். கவிப்ரியாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பழக்க தோஷத்தில் புகார்த் தாளை இழுத்துப் பேனாவை எடுத்தேன்.

"அக்கா, இந்தக் கேஸை நான் எழுதறேன். நீங்க எழுந்து இந்தப் பக்கம் வந்து உக்காருங்க," என்றாள் மைமூன்.

எழுந்து போய் உட்கார்ந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மைமூன் கேள்விகளை ஒன்றும் விடாமல் கேட்டாள். ஓனர் பெயர் என்ற கட்டத்தில் என் முழுப் பெயரையும் அடையாள அட்டையில் உள்ளபடி எழுதினாள். கடைசியில், "அந்தப் பதில் வந்தப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று கவிப்ரியாவிடம் கேட்டாள்.

கவிப்ரியா என்னைப் பார்க்காமல் சொன்னாள். "மத்தவங்க சொன்னப்ப கோவந்தான் வந்துச்சு மேடம். இவரு பேரு ரமணன்னு இருந்துச்சா, தமிழாளுதானேன்னு இவருக்கு மட்டும் தமிழ்ல எழுதினேன். வணக்கம் சார்னு ஆரம்பிச்சு. இந்தத் தடவை கிடைச்சிடும்னு அம்மாகிட்டயும் போன்ல சொல்லிட்டேன். அப்புறந்தான் இந்தப் பதில் வந்துச்சு. அன்னிக்குத்தான் அழுதேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கம்தான், வேறொன்றும் இல்லை. "கவிப்ரியா, நான் செஞ்சது தப்பு. ரூம் காலியாத்தான் இருக்கு. நீ வந்துடும்மா," என்றேன்.

"பாவம் பார்த்துக் குடுக்கறீங்களா மேடம்?"

"இல்ல. ரூம் கேட்டு வந்த பொண்ணுக்கு ரூம் தர்றேன். கேட்ட அன்னிக்கே தந்திருக்கணும்."

"வந்து பார்க்கறேன்," என்றாள்.

அப்போதே கிளம்பினோம். லிட்டில் இந்தியா நிலையத்தில் ஊதா வழி ரயிலைப் பிடித்து, பொங்கோலில் இறங்கினோம். வீட்டுக்குள் வந்தவள் அறையைப் பார்க்கவில்லை, நேரே சமையலறைக்குப் போனாள். அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்து பார்த்தாள்.

"நான் மூணு வேளையும் சமைப்பேன் மேடம். லீவு நாள்ல கருவாடும் வறுப்பேன்."

"வறு."

"ஞாயித்துக்கிழமை ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேர் வருவாங்க."

"வரட்டும். எனக்கும் பொழுது போகும்."

அதற்குப் பிறகுதான் அறைக்குள் போனாள். கட்டில், அலமாரி, ஏர்கான் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தாள். சரி என்று சொல்லிவிடுவாள் என நான் நினைத்தேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "யோசிச்சுச் சொல்றேன். உங்களைப் பத்தி மைமூன் மேடம்கிட்டயும் கொஞ்சம் விசாரிக்கணும்," என்றாள்.

என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு என்னையே விசாரிக்கப்போகிறாளாம்! நியாயமாக எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது. மறுபடி வாய் திறந்து கேட்கவே முடியாது என்று மத்தியானம் சொன்னவள் இவள்.

வியாழக்கிழமை முழுக்கப் போனும் கையுமாக இருந்தேன். அவள் வராவிட்டால் ஊருக்குப் போய்விடுவாள். போனால் அனுப்பிவைத்தது நானாகத்தான் இருக்கும். ரமணனைக் கூப்பிட்டு விளம்பரத்தில் எந்த ஊர்க்காரரும் வரலாம் என்று மாற்றச் சொன்னேன்.

"இனிமே எந்த ஓனராவது அப்படிச் சொன்னா என்ன செய்வே?"

"உங்ககிட்ட அனுப்பிடறேன் ஆண்ட்டி."

"அனுப்பு. என்னைவிட நல்லா அவங்களுக்கு யாரும் புத்தி சொல்ல முடியாது."

வெள்ளிக்கிழமை காலையில் செய்தி வந்தது. தமிழில்தான் எழுதியிருந்தாள். 'நாளைக்குப் பத்து மணிக்கு வர்றேன் ஆண்ட்டி. ஆனா கேஸை வாபஸ் வாங்க மாட்டேன். ரூம் வேற, கேஸ் வேற.'

மேடமாக இருந்த நான் ஆண்ட்டி ஆகியிருந்தேன். 'வாங்காதே' என்று உடனே பதில் போட்டேன்.

சனிக்கிழமை அவள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வந்தபோது நான் சாப்பாட்டு மேசையில் என் பக்க விளக்கத்தை எழுதிக்கொண்டிருந்தேன். புகார் வந்த ஓனர் ஏழு நாளில் எழுதித் தரவேண்டும். இப்படி எத்தனை விளக்கம் படித்திருக்கிறேன்! ஏஜென்ட் தவறாகப் புரிந்துகொண்டார், எனக்கு எல்லா இனத்திலும் நண்பர்கள் உண்டு, என் மனசு அப்படிப்பட்டது இல்லை. அந்த வாக்கியங்கள் எல்லாம் என் கைக்கும் வரத்தான் பார்த்தன. விடவில்லை. 'ஆமாம், நான்தான் அப்படிச் சொன்னேன்' என்று முதல் வரியை எழுதினேன்.

கவிப்ரியா கடைசிப் பெட்டியை வைத்துவிட்டு என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

"ஏஜென்ட் மேல பழி போடலயா ஆண்ட்டி?"

"அவன் நான் சொன்னதைத்தானே எழுதினான்."

அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள். பிறகு, "சரி, சாவியக் குடுங்க," என்று கையை நீட்டினாள்.